பதினான்காம் கட்டத்தில் எழுதியது

10 ஏப்ரல் 1956, செவ்வாய்

செருப்பு வார் மறுபடியும் அறுந்தது. மகாபலிபுரத்தில் கடலோர மணலில் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். இருபத்திரண்டு குடும்பங்களில் இன்றோடு ஒன்பது முடிந்தது. இன்னும் பதின்மூன்று. இந்த வேகத்தில் போனால் மே மாதம் தாண்டிவிடும்.

படிவம் எங்கள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் தம் ஆராய்ச்சிக்காகத் தயாரித்தது. பதினெட்டுக் கட்டங்கள். நீண்ட நாள் நோயோடு இருக்கும் குழந்தைகளின் வீட்டில் என்ன நடக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள், சொன்ன பத்தியம் நடக்கிறதா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்ப வேண்டும். நிரப்புகிறவள் நர்ஸாகிய நான். வயது முப்பத்திரண்டு, ஓரிடத்தில் பத்து நிமிஷம் உட்காரத் தெரியாதவள். அலைகிற வேலைக்கு ரெபேக்காள்தான் சரி என்று டாக்டர் சொன்னது பாராட்டா, கிண்டலா?

இன்று மீனவர் தெரு செங்கம்மாள். மகனுக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து இருதயம் பழுதாகிவிட்டது. மீன் கூடையைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள்.

"வந்ததுலேர்ந்து எழுதிகினே கீறியே, எம் புள்ளைக்கு இன்னா ஆவும்னு அதுல எழுதிகீதா?"

இல்லை என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு எழுதற?"

பதினான்காம் கட்டம்: 'தாய் சொல்வது நம்பத்தக்கதா? ஆம் / இல்லை.' செங்கம்மாளுக்கு 'ஆம்' போட்டேன். முகத்துக்கு நேரே திட்டுகிறவள் பொய் சொல்லமாட்டாள் என்பது என் எண்ணம்.

12 ஏப்ரல், வியாழன்

டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தால் டில்லியில் இரண்டு வருஷப் படிப்புக்கு என் பெயரை எழுதுவாராம். டில்லி. இந்த விடுதி அறை, இந்த ஒற்றை ஜன்னல், எதிரில் ரயில்வே சுவர் — எல்லாவற்றையும் விட்டு. காலையிலிருந்து எந்த வேலையும் ஓடவில்லை.

17 ஏப்ரல், செவ்வாய்

கோவளம். திருப்போரூர் வரை ஒரு பஸ், கேளம்பாக்கத்துக்கு இன்னொன்று, அதற்கப்புறம் உப்பளங்களுக்கு நடுவே நடை. வெயிலில் உப்புப் பாத்திகளைப் பார்க்கக் கண் கூசிற்று. உப்பே கூடாது என்று சொல்லப்பட்ட குழந்தை இந்த ஊரில்தான் இருக்க வேண்டுமா?

ஜஹனாரா. வயது ஆறு. சிறுநீரகக் கோளாறு. முகம் ஊதி, கண் இரண்டும் கோடாகிவிட்டன. காலை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறது. எடை நாற்பத்திரண்டு பவுண்டு, அதில் பத்துப் பவுண்டாவது வெறும் நீர். தகப்பன் நூர்முகமது பெரியமேட்டில் தோல் மண்டியில் வேலை, வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். தாத்தா ஜெயினுலாபுதீன் கயிற்றுக்கடை வைத்திருக்கிறார். கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு திரை, அவ்வளவுதான்.

தாய் உம்மு சல்மா மெதுவாகப் பேசுகிறவள். கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு ஒரே வார்த்தையில் பதில். தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாது. உப்பு போடுகிறீர்களா? போடல. எல்லாத் தாயும் போடல என்றுதான் சொல்கிறார்கள்.

அடுப்பில் கஞ்சி இருந்தது. வீடுகளில் நாங்கள் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி, காலராவுக்குப் பயந்து. அதனால் அவளைத்தான் கேட்டேன்: "ஒரு கரண்டி நீங்களே வாயில் வைத்து, உப்பு இருக்கிறதா என்று சொல்லுங்கள்."

"நோம்பும்மா. வைக்க மாட்டேன்."

நோன்பு மாதம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதற்குக் கால்மணி நேரம் முன்புதான், கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது, அடுப்படியின் பின்கதவு வழியாகப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். சொம்பைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு நோன்பு என்கிறவள் உப்பைப் போட்டுவிட்டுப் போடல என்று சொல்லமாட்டாளா?

பதினான்காம் கட்டம்: இல்லை. பக்கத்தில் காரணமும் எழுதினேன்: 'சோதனைக்கு உடன்படவில்லை. நோன்பு என்று பொய்க்காரணம்.'

19 ஏப்ரல், வியாழன்

அறைத் தோழி ரங்கநாயகி சொல்கிறாள், நான் அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்து சிமெண்டைத் தேய்த்துவிட்டேனாம். டில்லியில் குளிர் அதிகமாமே. கம்பளிக்கு எங்கே போவது?

2 மே, புதன்

கார்ட்டிசோன் மாத்திரை கப்பலில் வருகிறது. சிறுநீரக வீக்கத்துக்கு மேல்நாட்டில் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டிருக்கிறார்களாம். டாக்டருக்குக் கிடைக்கப்போவது இரண்டு குழந்தைகளுக்கு மட்டும். நம் பட்டியலில் இந்த நோய் ஐந்து குழந்தைகளுக்கு இருக்கிறது. மாத்திரை சாப்பிடும்போது உப்பும் சேர்ந்தால் வீக்கம் இன்னும் ஏறும், ஆபத்து. ஆகையால் பத்தியம் நிச்சயமாக நடக்கும் வீட்டுக்குத்தான் தர முடியும்.

"உங்க படிவத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணப்போறேன், சிஸ்டர்" என்றார்.

பெருமையாக இருந்தது. மறைப்பானேன்.

14 மே, திங்கள்

மாத்திரை யாருக்கு என்று முடிவாகிவிட்டது. நாவலூர் வாத்தியார் வெங்கடராகவனின் மகனுக்கு ஒரு பங்கு. செங்கல்பட்டிலேயே ஒரு பெண் குழந்தைக்கு ஒன்று. டாக்டர் ஜஹனாராவின் படிவத்தை எடுத்தார், பதினான்காம் கட்டத்தைப் படித்தார், ஓரமாக வைத்துவிட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"நல்ல வேலை செஞ்சிருக்கேள். இதெல்லாம் எழுதலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

5 ஜூன், செவ்வாய்

கோவளத்துக்கு இரண்டாம் முறை. எடை நாற்பத்தாறு பவுண்டு. வயிறு பளபளவென்று மின்னுகிறது. குழந்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது.

சல்மா எனக்கு நன்னாரி சர்பத் கொண்டுவந்து வைத்தாள். விதியைச் சொல்லி மறுத்தேன். அப்புறம் சும்மா, பேச்சுக்குத்தான், "நீங்கள் குடிக்கவில்லையா?" என்று கேட்டேன். பெருநாள் முடிந்து மூன்று வாரம் ஆகிறது.

"நோம்பு. விட்டத புடிச்சுகினு கீறேன்."

"ஏன் விட்டீர்கள்?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இன்றுதான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன். தாத்தா கடைக்குப் போயிருந்தார். வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை.

"இன்னா நர்சம்மா, நீங்களும் பொம்பளதான? மாசத்துல அந்த நாளுல எங்களுக்கு நோம்பு கெடையாது. எத்தினி நாளு விட்டமோ எண்ணி வெச்சுகினு அப்பால புடிக்கணும். மாமா, கொழுந்தன் எல்லாம் இருக்கச்சொல்ல, எனக்கு இன்னிக்கு நோம்பு இல்லன்னு சொல்லிகினா திரிவாங்க? தெரியாம ஒரு வாய் தண்ணி குடிச்சுக்குவோம்."

 எதை எழுத வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

ஏப்ரல் பதினேழு. திரைக்கு அந்தப் பக்கம் மாமனார். நான் உரக்கக் கேட்கிறேன், கஞ்சியை வாயில் வை என்று. அவள் வேறு என்னதான் சொல்லியிருப்பாள்? பன்னிரண்டு வருஷமாகப் பிரசவ வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் பெண்களோடு பெண்ணாக இருந்தவள் நான். எனக்கு அது தோன்றவில்லை. தோன்றவே இல்லை.

ஜஹனாரா விழித்துக்கொண்டாள். "உனக்கு உப்பில்லாத கஞ்சி பிடிக்கிறதா?" என்று கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"எனக்கு மட்டும்னு நெனச்சீங்களா? எங்க வூட்ல யாருக்கும் உப்பு கெடையாது. அத்தா வந்தா அத்தாவுக்கும் கெடையாது. தாத்தா மட்டும் கடையில போண்டா துன்னுட்டு வரும். எனக்குத் தெரியும்."

விதி கிடக்கட்டும் என்று எழுந்து போய் ஒரு கரண்டிக் கஞ்சியை வாயில் வைத்தேன். உப்பு இல்லை. அன்றைக்கே இதைச் செய்திருக்கலாம். காலராவா வந்திருக்கும்? வந்தால்தான் என்ன.

7 ஜூன், வியாழன்

டாக்டரிடம் சொல்லவில்லை. வார்டில் கூட்டம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

8 ஜூன், வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை டில்லிக்குப் போகும் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடுகிறார். அதற்கு முன் போய், உங்கள் ஆராய்ச்சியில் நான் எழுதியது தப்பு என்று எப்படிச் சொல்வது? நான்கு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது? மாத்திரைதான் இரண்டு பேருக்கும் கொடுத்தாகிவிட்டதே.

சாப்பிடப் பிடிக்கவில்லை. ரங்கநாயகி என்ன என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

12 ஜூன், செவ்வாய்

கடிதம் நேற்றுத் தபாலில் போய்விட்டது. இன்று காலை சொன்னேன். இந்த வரிசையையும் எழுதித்தான் ஆக வேண்டும்: கையெழுத்து விழுந்த பிறகு சொன்னேன்.

டாக்டர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இது உங்களுக்கு என்னிக்குத் தெரியும்?"

"போன செவ்வாய்க்கிழமை."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் மெட்ராஸ்லேர்ந்து டெலிபோன் பண்ணினா. இன்னும் ஒரு குழந்தைக்குப் போறாப்பல மாத்திரை மிச்சம் இருக்கு, வேணுமான்னு கேட்டா. எங்கிட்ட தகுந்த குழந்தை இல்லை, வேற யாருக்காவது கொடுங்கோன்னுட்டேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் எங்கே இருந்தேன்? அதே தாழ்வாரத்தில், மூன்று கதவு தள்ளி, துணிக்கட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுபடி எழுதிக் கேட்கிறேன் என்றார். அடுத்த கப்பல் ஜூலை. கூடவே இன்னொன்றும் சொன்னார். மாத்திரை கொடுத்தால் தினமும் நீர் அளவு, சாப்பாடு, வீக்கம் எல்லாவற்றையும் வீட்டில் எழுதி வைக்க வேண்டும். "அந்தம்மாவுக்கு எழுதத் தெரியாதுன்னு ஆறாம் கட்டத்துல நீங்கதான் போட்டிருக்கேள்."

19 ஜூன், செவ்வாய்

கோவளம். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போய், கடைசியில் எழுத்தில் ஆரம்பித்தேன். வீட்டில் யாருக்காவது எழுதத் தெரியுமா, தினமும் குறிப்பு எழுத வேண்டும்.

"நான் எழுதிகினுதான கீறேன்" என்றாள்.

அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தாள். வலமிருந்து இடமாக, நெருக்கி நெருக்கி, முழுக்க அரபு எழுத்து.

"தெரியாது என்றீர்களே?"

"தமிழ் எழுத்து தெரியுமான்னு கேட்டீங்க, தெரியாதுன்னேன். எங்க பொம்பளைங்க தமிழ அரபு எழுத்துல எழுதுவோம். எங்கம்மா எனக்கு இப்படித்தான் கடுதாசி போடும். நீங்க அத கேக்கலியே."

படிக்கச் சொன்னேன். படித்தாள். குழந்தைக்கு வீக்கம் வந்த தை மாதத்திலிருந்து ஒரு நாள் விடாமல் இருந்தது. "வெள்ளி. மொகம் வீக்கம் ஜாஸ்தி. மூத்திரம் ரெண்டு தபா, அரை டம்ளர். கஞ்சி, வாழப்பழம். உப்பு இல்ல." "சனி. வாந்தி. ஒண்ணும் துன்னல." எங்கள் வார்டில் இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறவர் யாரும் இல்லை.

நான் முதல் முறை வந்த நாளைக் கேட்டேன். பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்சம் தயங்கிவிட்டுப் படித்தாள்.

"நர்சம்மா வந்துச்சு. கஞ்சிய வாயில வைக்கச் சொல்லிச்சு. மாமா கூடத்துல இருந்தாரு. நோம்புன்னு சொல்லிட்டேன். அல்லா மன்னிக்கணும்."

இதற்கப்புறம் எப்படிச் சொல்லாமல் இருப்பது? அதே நாளில் நான் என்ன எழுதினேன் என்று சொன்னேன். அதனால் மாத்திரை போகவில்லை என்று சொன்னேன். இரண்டாவது முறையும் கை நழுவியது நான் வாய் திறக்காததால் என்று, அதையும் சொன்னேன். டில்லியை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்கு எதற்கு?

சல்மா குழந்தையின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அந்த மாத்திர யாருக்குப் போச்சு?"

"நாவலூரில் ஒரு பையனுக்கு."

"வீக்கம் வடிஞ்சிச்சா?"

"வடிந்துவிட்டது."

"அதுவாச்சும் நல்லாகட்டும்."

நோட்டை மூடினாள். அதை அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் தரவில்லை.

20 ஜூன், புதன்

திட்டியிருக்கலாம். செங்கம்மாளாக இருந்தால் கூடையைத் தூக்கி அடித்திருப்பாள். அடி வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

3 ஜூலை, செவ்வாய்

கோவளத்திலிருந்து குதிரை வண்டியிலும் பஸ்ஸிலுமாக ஜஹனாராவைத் தூக்கி வந்தார்கள். காய்ச்சல் நூற்று நான்கு. வயிற்றில் கை வைக்கவிடாமல் கத்துகிறாள். வீக்கத்து நீரில் சீழ் பிடித்திருக்கிறது. பெனிசிலின் ஊசி மூன்று மணிக்கு ஒரு தரம். நான் போடுகிறேன். சல்மா குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

தாத்தா ஜெயினுலாபுதீன் வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏம்மா, ஒரு மாசம் முன்னாலயே ஏதோ மாத்திர குடுத்திருந்தா இந்தக் கதி வந்திருக்காதுன்னு வார்டுல பேசிக்கிறாங்களே, நெசமா?"

வந்திருக்காது என்று சொல்ல முடியாது, வந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது என்றேன். உண்மைதான். உண்மை எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது!

5 ஜூலை, வியாழன்

காய்ச்சல் இறங்கவில்லை. கர்த்தரே, என்னைப் பார்க்க வேண்டாம். அந்தக் குழந்தையைப் பாரும்.

9 ஜூலை, திங்கள்

நூறு. இன்று கொஞ்சம் கஞ்சி குடித்தாள். சல்மா வெளியே குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள், கண் சிவந்திருந்தது.

17 ஜூலை, செவ்வாய்

மாத்திரை வந்தது. பருத்தி அடைத்த சின்னப் புட்டி. காலையில் முதல் மாத்திரை. டாக்டர் என்னிடம் நீட்டினார். நான் வாங்கி, சல்மாவிடம் கொடுத்தேன். அவள் குழந்தையின் வாயில் போட்டாள்.

24 ஜூலை, செவ்வாய்

எடை நாற்பத்தொன்பது. குறையவே இல்லை. முகம் இன்னும் உப்புகிறது. டாக்டர் பொறு என்கிறார். எத்தனை நாள் பொறுப்பது? ஒரு நாளைக்கு நான்கு தரம் பாட்டிலைப் போய்ப் பார்க்கிறேன். ஆயா சிரிக்கிறாள், நர்சம்மாவுக்கு மூத்திரத்தின் மேல் இவ்வளவு ஆசையா என்று.

27 ஜூலை, வெள்ளி

பாட்டில் நிரம்பியது. இன்னொரு பாட்டிலும் நிரம்பியது.

7 ஆகஸ்ட், செவ்வாய்

முப்பத்துநான்கு பவுண்டு. ஜஹனாராவுக்குக் கழுத்து இருக்கிறது, கணுக்கால் இருக்கிறது. பெரிய கண். இத்தனை நாள் அந்தக் கண்ணை யாரும் பார்த்ததில்லை. சோதனைக் குழாயில் நீரைக் கொதிக்க வைத்தால் தெளிவாகவே நிற்கிறது, வெள்ளையாகத் திரியவில்லை; நோய் அடங்கியிருக்கிறது. மறுபடி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

10 ஆகஸ்ட், வெள்ளி

டில்லியிலிருந்து கடிதம். என்னை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி அறிக்கை முழுவதும் இந்த மாதக் கடைசிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். ரங்கநாயகி விடுதிக்கெல்லாம் சொல்லிவிட்டாள். எல்லோரும் கை குலுக்குகிறார்கள். சிரித்தேன். வேறென்ன செய்வது?

14 ஆகஸ்ட், செவ்வாய்

ஜஹனாரா இன்று வீட்டுக்குப் போனாள். புதுச் செருப்பு. அத்தா பெரியமேட்டிலிருந்து கொண்டுவந்தது. வார்டு முழுக்க ஓடி எல்லோரிடமும் காலைக் காட்டினாள், என்னிடமும்.

மாத்திரையை மெதுவாகக் குறைத்து நிறுத்த வேண்டும். அதுவரை வாரா வாரம் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன் என்றேன்.

சல்மா என்னிடம் பேசவில்லை. டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"செவ்வாக்கெழம நானே புள்ளைய இட்டுகினு வரேன் டாக்டர். நோட்டையும் கொண்டாந்து படிச்சுக் காட்டறேன். இவங்க வூட்டுக்கு வர வேணாம்."

"ரொம்ப தூரமாச்சே அம்மா. மூணு வண்டி மாறணும்."

"மாறிக்கிறேன்."

குரலில் கோபம் இல்லை. பையை எடுத்துக்கொண்டாள். குழந்தை அவளுக்கு முன்னால் ஓடி, படியில் இறங்கி, பஸ் நிற்கும் பக்கம் கையைக் காட்டிக்கொண்டு நின்றது.

டாக்டர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். பழைய 'இல்லை'யை ஜூன் மாதமே அடித்து 'ஆம்' என்று திருத்தியிருந்தேன். கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது: 'வீட்டு வருகை நிறுத்தப்பட்டிருந்தால் காரணம்.' எழுதினேன்: 'நர்ஸின் சொல்லைத் தாய் நம்பவில்லை. நம்பாததற்குத் தகுந்த காரணம் உண்டு.' கீழே முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் படித்தார். "இது டில்லிக்குப் போற காகிதம், சிஸ்டர்."

"தெரியும் டாக்டர்."

பேனாவை எடுத்தார், அந்த வரிக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அப்புறம் அதை அடிக்காமல், ஓரத்தில் தன் இனிஷியலைப் போட்டு, தட்டச்சுக்கு அனுப்பச் சொன்னார்.